மலைக்கு அந்தப் பக்கம் ஒரு யூதத் தெரு

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. லோயர் கேம்ப் மலைச்சரிவில் ராட்சதக் குழாய்களில் இறங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு வாய்க்கால்களில் பிரிகிற அந்தத் தண்ணீர் மேற்கே போக வேண்டிய தண்ணீர். சிவகிரி மலையில் பிறந்து அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை, 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை கிழக்கே திருப்பிவிட்டது. இது கூடலூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். பென்னிகுயிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிற ஊர்கள் இவை.

திரும்பாமல் போன மிச்ச ஆறு எங்கே போகிறது என்பதைத்தான் நாம் அதிகம் கேட்டுக்கொண்டதில்லை. அது இடுக்கியைத் தாண்டி, மலையாற்றூரில் சமவெளிக்கு வந்து, ஆலுவாவில் இரண்டாகப் பிரிந்து கடலைத் தேடுகிறது. அந்தக் கடைமடையில் சேந்தமங்கலம், வடக்கன் பரவூர், கொடுங்கல்லூர் என்று வரிசையாக ஊர்கள். கொஞ்சம் வடக்கே தள்ளி மாளா. தெற்கே கொச்சி. கொடுங்கல்லூர் நீங்கலாக இந்த ஊர்களில் எல்லாம் 1950கள் வரை யூதர்கள் தெருத்தெருவாக வாழ்ந்தார்கள். இன்று அங்கே ஜெபக்கூடங்கள் இருக்கின்றன, கல்லறைகள் இருக்கின்றன, தெருப்பெயர்கள் இருக்கின்றன. ஜெபிக்க ஆள்தான் அநேகமாக இல்லை.

ஆள் இல்லாத ஊரில் அங்கே யார் வாழ்ந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜெர்மனியில் இது தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே சின்னச் சின்ன ஊர்களில்கூட யூதர்களின் சுவடுகளைத் தேடுகிறார்கள்: சுவரில் ஒரு பள்ளம், நிலத்தடியில் ஒரு படிக்கட்டு, மாவு மில்லாக மாறிப்போன ஒரு கூடம். அந்தத் தேடலின் முறைகளைத் தெரிந்துகொண்டால் கொச்சியையும் படிக்கலாம். கொச்சியைப் படிப்பதற்கான முதல் பாடமோ நம் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது.

உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயில் பாறை என்று ஊரார் சொல்லும் இடத்தில், பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சில நின்ற கோலம், சில அமர்ந்த கோலம். தலைமேல் பாம்புப் படம் விரித்திருந்தால் அவர் பார்சுவநாதர். திருக்குணகிரி என்பது அந்த இடத்தின் பழைய பெயர். உருவங்களைச் செய்வித்தவர்களின் பெயர்கள் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளன. அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் அதில் ஒன்று. மதுரையைச் சுற்றியுள்ள பல குன்றுகளில் காணப்படும் அதே பெயர். காலம் 9, 10ஆம் நூற்றாண்டு. எழுத்து வட்டெழுத்து.

வட்டெழுத்தை முதன்முதலில் பார்ப்பவருக்கு அது தமிழ் என்றே தோன்றாது. கோடுகள் இல்லை, எல்லாம் வளைவு. தமிழ் பிராமியிலிருந்து பிறந்து பாண்டி நாட்டிலும் சேர நாட்டிலும் ஓங்கி நின்ற எழுத்து இது. கல்வெட்டுக்காரர்களை இன்றும் தலையைச் சொறிய வைப்பது பகரம், வகரம், யகரம் மூன்றும் ஏறத்தாழ ஒரே வளைவாகத் தெரிவது. புள்ளியும் வைக்க மாட்டார்கள். சொல்லைத் தெரிந்தால்தான் எழுத்தைப் படிக்கலாம், எழுத்தைப் படித்தால்தான் சொல் தெரியும் என்கிற சங்கடம். சோழர்கள் பாண்டி நாட்டைப் பிடித்த பிறகு இங்கே வட்டெழுத்து ஒதுங்கி, இன்று நாம் எழுதும் தமிழெழுத்து வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் வட்டெழுத்து இன்னும் பல நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது.

அந்தப் பக்கத்து வட்டெழுத்து ஆவணங்களில் பெயர் பெற்றது, கொச்சி மட்டாஞ்சேரி பரதேசி ஜெபக்கூடத்தில் பாதுகாக்கப்பட்ட யூதச் செப்பேடு. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் (இன்றைய கொடுங்கல்லூர்ப் பகுதி) இருந்தபோது, இசுப்பு இரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்தது. ஜோசப் ரப்பான் என்ற பெயர்தான் அந்தக் காலத்துப் பேச்சில் இசுப்பு இரப்பான் ஆனது. ஆண்டு ஏறத்தாழ கி.பி. 1000. அதாவது உத்தமபாளையம் பாறையில் உளி ஓய்ந்து இரண்டு மூன்று தலைமுறைக்குள். பாறையில் எழுத்துப் படிக்கக் கற்றவர் செப்பேட்டையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். மொழியும் அந்நியமில்லை, தமிழ் மலையாளமாகப் பிரிந்துகொண்டிருந்த காலத்து நடை. வடமொழிச் சொற்கள் வரும் இடத்தில் மட்டும் கிரந்த எழுத்து எட்டிப் பார்க்கும்.

செப்பேடு தருவது 72 உரிமைகள். பகல் விளக்கு எரிக்கலாம், பாவாடை (நடைவிரிப்பு) விரித்து நடக்கலாம், பல்லக்கில் போகலாம், குடை பிடிக்கலாம், பறையும் காகளமும் முழக்கலாம், வீட்டுக்குப் படிப்புரையும் தோரணமும் வைக்கலாம். உல்கும் துலாக்கூலியும் கட்ட வேண்டாம். உல்கு என்பது சுங்கம். துலாக்கூலி எடைபோடும் கட்டணம். போடி ஏலக்காய் வியாபாரிக்கு இதில் எது பெரிய சலுகை என்று சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றபடி குடையும் பல்லக்கும் அந்தக் காலத்துச் சமூகத்தில் யார் எங்கே நிற்கலாம் என்பதைத் தீர்மானித்த விஷயங்கள். வந்தேறிய வணிகன் ஒருவனை மன்னன் நாடாளும் குடும்பங்களின் வரிசையில் உட்கார வைக்கிறான். வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு ஆள்பவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அஞ்சுவண்ணம் என்ற பெயரும் இதில் வருகிறது. மேற்கிலிருந்து கடல்வழி வந்த வணிகர்களின் குழு அது. நம் ராமநாதபுரம் கடற்கரைத் தீர்த்தாண்டதானத்துக் கல்வெட்டிலும் அதே பெயர் உண்டு.

இந்தச் செப்பேட்டை நவீன காலத்தில் படித்து, மொழிபெயர்த்து, விளக்கி 1844இல் சென்னையிலிருந்து வந்த ஆய்விதழில் வெளியிட்டவர் ஹெர்மன் குண்டர்ட். ஸ்டுட்கார்ட்டில் பிறந்த ஜெர்மானியப் பாதிரியார். மலையாளத்துக்கு 1872இல் பெரிய அகராதி தந்தவர் இவர்தான். கடைசிக் காலத்தைக் கால்வ் என்ற சிற்றூரில் கழித்தார். எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே அவர் பேரன். கொச்சி யூதர்களின் சாசனத்தை உலகுக்கு வாசித்துச் சொன்னவர் ஜெர்மன்காரர். நூறு வருடம்கூட ஆகவில்லை, அவர் நாட்டிலேயே யூதர்களின் ஏடுகள் தெருவில் எரிந்தன.

கொச்சிச் செப்பேட்டுக்கும் 150 ஆண்டு முந்தையது 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. அது சிரியக் கிறித்தவப் பள்ளிக்குக் கொடுத்தது. சாட்சிகள் கையெழுத்திட்ட ஏட்டைப் பார்த்தால் ஒரு துறைமுகமே கண்முன் வரும்: சிலர் அரபு எழுத்தில், சிலர் பஹ்லவி எழுத்தில், சிலர் எபிரேய எழுத்தில். எபிரேய எழுத்தில் போட்டவர்கள் எழுதிய மொழி பாரசீகம். பாரசீகம் பேசும் யூதர்கள் வட்டெழுத்துத் தமிழ்ச் சாசனத்துக்குச் சாட்சி.

இவர்கள் ஏன் வந்தார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மிளகும் ஏலமும்தான். அதற்கான சான்று கிடைத்த இடம்தான் ஆச்சரியம்: எகிப்து. பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெபக்கூடத்தில் ஒரு அறை. கடவுள் பெயர் எழுதிய தாளை அழிக்கக்கூடாது என்பது யூத மரபு. கடவுளை வேண்டித் தொடங்காத கடிதம் அந்தக் காலத்தில் ஏது? ஆகவே கிழிந்த வேதப்பிரதியோடு வியாபாரக் கடிதம், கடன் பத்திரம், கல்யாண ஒப்பந்தம் எல்லாவற்றையும் அந்த அறைக்குள் போட்டு வைத்தார்கள். வறண்ட காற்று பூஞ்சையை அண்டவிடவில்லை. 1896-97இல் சாலமன் ஷெக்டர் அள்ளிக்கொண்டு போன குவியல் கேம்பிரிட்ஜில் இன்று சுமார் 1,93,000 துண்டுகள்.

அதில் ஆபிரகாம் பென் இஜு என்ற வணிகரின் கடிதக் கட்டு ஒன்று. துனீசியாவில் பிறந்து, 1130களிலும் 1140களிலும் மங்களூரில் இருந்து வெண்கலப் பட்டறை நடத்தியவர். ஆஷு என்ற உள்ளூர்ப் பெண்ணை அடிமைத்தளையிலிருந்து விடுவித்து, அவளோடு குடும்பம் நடத்தினார் என்பதற்கு 1132ஆம் ஆண்டின் விடுதலைப் பத்திரம் இருக்கிறது. ஏடனிலிருந்த கூட்டாளிகள் அவருக்கு எழுதிய கடிதங்களில் ஒரு புகார் திரும்பத் திரும்ப வருகிறது. ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கிக்கொண்ட உள்ளூர்த் தரகர் சரக்கை அனுப்பவில்லை. விடாமல் கேட்டு வாங்கு, மானத்தை வாங்கியாவது வாங்கு. போடியிலும் கம்பத்திலும் ஏல வியாபாரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற எந்தக் குடும்பத்திலும் இதே கதை ஒன்றாவது இருக்கும். அதே கடிதங்களோடு அவர்கள் மங்களூருக்கு அனுப்பிய பொருள்களில் உலர்திராட்சை, சர்க்கரை, எழுதுவதற்குத் தாள். நம் பக்கம் ஓலையில் எழுதிக்கொண்டிருந்த காலம்; தாள் வெளியிலிருந்து வரவேண்டும். பென் இஜு தாளை வீணாக்காதவர். வந்த கடிதத்தின் பின்புறமே அவருக்குக் கணக்கு நோட்டு.

அந்த ஏலக்காய் எந்த மலையில் விளைந்தது என்று எந்தக் கடிதமும் சொல்லாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் எங்கோ. இன்று ஜீப்பில் விடியற்காலையில் கம்பமெட்டும் போடிமெட்டும் ஏறிக் காய் எடுக்கப் போகிற பெண்கள் நிற்கிற அதே மலைத்தொடர்.

இனி முறைகளுக்கு வருவோம். யூதர் வாழ்ந்த ஊரைக் கண்டுபிடிக்க வைக்கும் அடையாளங்களில் முதலாவது திசை. ஜெபக்கூடத்தில் வேதச்சுருள்களை வைக்கும் பேழை எருசலேம் இருக்கும் பக்கத்துச் சுவரில் இருக்கும். ஜெர்மனியில் அது கிழக்குச் சுவர். கேரளத்தில் மேற்குச் சுவர். பெயர்ப்பலகை போன பழைய கட்டடத்தில் எந்தச் சுவரில் மாடம் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது கதவு நிலை. யூத வீட்டு வாசலில், நுழைபவரின் வலப்பக்க நிலைக்காலில், சற்றுச் சாய்வாக ஒரு சிறு குழல் பொருத்தியிருப்பார்கள். வேத வசனம் எழுதிய தோல் அதற்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். மெசூசா என்று பெயர். வீடு கைமாறிய பின் குழல் போய்விடும். கல்லிலோ மரத்திலோ குடைந்த விரலளவு பள்ளம் நிற்கும். ஜெர்மன் சிற்றூர்களில் எத்தனையோ முறை சுண்ணாம்பு அடித்த நிலைக்கால்களில் இந்தப் பள்ளங்களைத் தடவித் தேடிக் கணக்கெடுக்கிறார்கள்.

மூன்றாவது தண்ணீர். யூதரின் சடங்கு நீராடலுக்கு அண்டாவில் மொண்டு ஊற்றிய தண்ணீர் ஆகாது. ஊற்று, மழை, ஆறு என்று தானாக வந்து சேர்ந்த தண்ணீர்தான் வேண்டும். நகரத்துக்குள் வாழ்ந்த ஜெர்மன் யூதர் என்ன செய்வார்? நிலத்தடி நீர்மட்டம் வரை தோண்டுவார். ஷ்பையரில் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய நீராடுகுளம் தரைக்குக் கீழே சுமார் 10 மீட்டர். ஃப்ரீட்பெர்க்கில் 1260இல் கட்டியது 25 மீட்டர்! கம்பம் திராட்சைத் தோட்டத்துப் பழைய கிணறு ஒன்றின் உள்சுவரை ஒட்டிச் சதுரமாகச் சுற்றிச் சுற்றி, தூண்களும் வளைவுகளும் வைத்த கல் படிக்கட்டு இறங்கினால் எப்படியோ அப்படி. மேலே நகரம் எரியலாம், இடியலாம், வேறு நகரமே எழலாம். 25 மீட்டர் ஆழத்துக் கல்வேலையை யாரும் பெயர்த்தெடுக்கப் போவதில்லை. ஜெபக்கூடம் தரைமட்டமான ஊர்களிலும் குளம் தப்பியதற்கு இதுவே காரணம். இந்தக் குளங்கள் நீரியல்காரர்களுக்கும் பயன்படுகின்றன. அந்த நூற்றாண்டில் நீர்மட்டம் எங்கே இருந்தது என்பதைக் கடைசிப் படி சொல்லிவிடுகிறது.

நான்காவது கல்லறை. வோர்ம்ஸ் நகரத்தின் ‘புனித மணல்’ இடுகாட்டில் சுமார் 2,500 கற்கள். மிகப் பழைய கல் 1058-59ஆம் ஆண்டு. எபிரேயக் கல்லில் ஆண்டு படிப்பது சுவாரசியமான வேலை. எழுத்துதான் எண். முதல் எழுத்து 1, பத்தாவது 10, கடைசி எழுத்து 400. நாமும் ஒரு காலத்தில் ககரத்தை ஒன்று என்றும் உகரத்தை இரண்டு என்றும் எழுதிக் கணக்குப் பார்த்தவர்கள்தான். யூத ஆண்டு உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணுவது. அதிலிருந்து 3760ஐக் கழித்தால் ஏறத்தாழ நம் ஆண்டு வரும். 5328 என்று இருந்தால் 1568. மட்டாஞ்சேரி பரதேசி ஜெபக்கூடம் கட்டப்பட்ட ஆண்டு அதுதான்.

சேந்தமங்கலத்து ஜெபக்கூடத்தின் வாசலில் நிற்கும் கல், இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்லறைக்கல். இஸ்ரேல் என்பவரின் மகள் சாரா, 1269. அவளைப் பற்றி அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் இறந்து 72 ஆண்டுகளுக்குப் பிறகு, 1341இல், பெரியாற்றில் வந்த வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையை மணல் மூடச் செய்து, கொச்சியில் புதிய துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். வணிகம் தெற்கே நகர்ந்தது, யூதர்களும் நகர்ந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொடுத்த தொல்லை மிச்சமிருந்தவர்களையும் கொச்சி ராஜாவின் நிழலுக்குத் துரத்தியது. ராஜா தன் அரண்மனைக்கும் கோயிலுக்கும் ஒட்டிய நிலத்தையே கொடுத்தார். ஒரே ஆறு அந்தப் பக்கம் ஒரு துறைமுகத்தை மூடியது, இந்தப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கைப் பச்சையாக்கியது.

கேரள ஜெபக்கூடத்துக்குள் நுழைபவர் கொஞ்சம் குழம்பிப் போவார். முதலில் படிப்புரை, அப்புறம் தூண் வைத்த நடை, அப்புறம் முன்கூடம், அதன்பின் தொழுமிடம். பரவூரில் இந்த வரிசை முழுதாக இருக்கிறது. கோயிலுக்குப் போகும் வழி மாதிரியே நடந்து போகலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்ற பழக்கமும் உண்டு. வேதம் வாசிக்கும் மேடை ஜெபக்கூடங்களில் பொதுவாகக் கூடத்தின் நடுவே ஒன்று இருக்கும். கேரளத்தில் மட்டும் மாடியில் பெண்கள் பகுதியை ஒட்டி இரண்டாவது மேடை ஒன்று. உலகத்தில் வேறெங்கும் இப்படி வழக்கமில்லை. இங்கத்து யூதர்கள் மணப்பெண்ணுக்குத் தாலி கட்டியதும் உண்டு.

இந்தக் கூட்டுவாழ்வைப் பற்றிப் பேசும்போது நாம் சுலபமாக நெகிழ்ந்துவிடுகிறோம். உள்ளே சாதி இருந்தது. பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த பரதேசி யூதர்கள், முன்பிருந்தே இங்கே வாழ்ந்த மலபாரி யூதர்களோடு பெண் கொடுத்து எடுக்கவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களைத் தங்கள் கூடத்துக்குள் சரிசமமாக உட்கார விடவில்லை. அந்த வழியில் வந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் 20ஆம் நூற்றாண்டில் அங்கேயே சத்தியாக்கிரகம் செய்து இடத்தைப் பெற வேண்டியிருந்தது. நம் மண்ணின் மணம் அதுவும்தான்.

இப்போது மறுபடி ஜெர்மனிக்குப் போய், எர்ஃபர்ட் நகரத்துக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே ஒரு ஜெபக்கூடம், அதன் பழைய பகுதி 1094 வாக்கில் கட்டப்பட்டது. 1349இல் கொள்ளைநோய்க்கு யூதர்களே காரணம் என்று கிளப்பிவிட்டு நகரத்து யூதர்களைக் கொன்றார்கள். கட்டடத்தை நகரம் எடுத்து ஒரு வணிகருக்கு விற்றது. அவர் நிலவறை தோண்டி, தளம் போட்டுக் கிடங்காக்கினார். ஐந்நூறு ஆண்டுகள் கிடங்கு. 19ஆம் நூற்றாண்டில் உணவகம், மாடியில் நடனக்கூடம், கீழே பந்து உருட்டி விளையாடும் கூடம். நாலாபுறமும் கட்டடங்கள் ஒட்டி முளைத்து, இது ஜெபக்கூடமாக இருந்தது என்பதே ஊருக்கு மறந்துபோனது.

1938 நவம்பரில் நாஜிகள் ஜெர்மனி எங்கும் 1,400க்கும் மேற்பட்ட ஜெபக்கூடங்களையும் தொழுகை அறைகளையும் கொளுத்தி இடித்தபோது, இதை யாரும் தொடவில்லை. ஜெபக்கூடம் என்று தெரிந்தால்தானே தொடுவதற்கு! 1980களின் கடைசியில் கட்டட ஆய்வாளர்கள் சுவரைச் சுரண்டிப் பார்த்து அடையாளம் கண்டார்கள். 1998இல் பக்கத்து மனையில் தோண்டியபோது 1349இல் யாரோ புதைத்த புதையல் கிடைத்தது: 3,141 வெள்ளிக் காசுகள், 14 வெள்ளிப் பாளங்கள், சின்ன வீடு வடிவில் முகப்பு வைத்த ஒரு தங்கக் கல்யாண மோதிரம். 2009இல் கட்டடம் அருங்காட்சியகமானது, 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நடனக்கூடத்து அலங்காரத்தையும் அவர்கள் பெயர்த்தெறியவில்லை. அதுவும் கட்டடத்தின் வரலாறுதானே.

உத்தமபாளையத்தில் நடந்ததும் இதேதான் என்று நினைக்கிறேன். சமணர்கள் போனபின் அந்தப் பாறையை வெறும் பாறையாக யாரும் பார்த்திருந்தால் கல்லுடைப்பவன் கைக்கு என்றோ போயிருக்கும். கருப்பணசாமி வந்து உட்கார்ந்தார். சாமி இருக்கிற பாறையில் யார் வெடி வைப்பார்கள்? தீர்த்தங்கரர் யாரென்று தெரியாத ஊர் அவரை ஆயிரம் ஆண்டு காப்பாற்றியது. ஞாபகம் காப்பாற்றியதைவிட மறதியும் பயன்பாடும் காப்பாற்றிய இடங்களே அதிகமாக இருக்கலாம்.

கொச்சிப் பக்கத்தில் இதற்கு உதாரணமும் உண்டு, எதிர் உதாரணமும் உண்டு. எர்ணாகுளம் சந்தைப் பகுதியில் கடவும்பாகம் ஜெபக்கூடம் பல ஆண்டுகள் பூச்செடியும் அலங்கார மீனும் விற்கும் கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றது. மீன் தொட்டிகளைத் தாண்டிப் போனால் பேழை மாடம். அந்தக் கடை நடந்ததால் கூரை ஒழுகாமல் இருந்தது. பின்னாளில் பழுது பார்த்து மறுபடி தொழுமிடமாக்கினார்கள். அதே பெயரில் மட்டாஞ்சேரியில் இருந்த இன்னொரு கூடத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதன் செதுக்கு வேலைப்பாடுள்ள மர உட்புறம் 1990களில் எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. வெறும் சுவர் கிடங்காகக் கிடந்து, 2019 மழையில் முன்புறம் சரிந்தது.

மாளாவில் இன்னொரு வழி. 1955இல் ஊரை விட்டுப் புறப்பட்ட யூதர்கள் ஜெபக்கூடத்தையும் இடுகாட்டையும் பஞ்சாயத்திடம் ஒப்பந்தம் எழுதி ஒப்படைத்தார்கள். கேரள யூதர்கள் சுமார் 2,500 பேர். பெரும்பாலானோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். விரட்டப்பட்டுப் போகவில்லை, வேண்டிப் போனார்கள். பாலைவனத்தில் நெவாத்திம் என்ற குடியிருப்பில் கொச்சி மாதிரியிலேயே ஒரு ஜெபக்கூடம் கட்டிக்கொண்டார்கள். பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்த மலையாளப் பாட்டுகளையும் கொண்டுபோனார்கள். ஜெர்மனியில் 1933இல் ஐந்து லட்சம் யூதர்கள். தப்பியோட முடியாதவர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு இடங்களிலும் இன்று மிஞ்சியிருப்பது ஒரே மாதிரியான வெற்றுக் கட்டடம். இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்துவிடக் கூடாது.

கொல்லப்பட்டவர்களுக்குக் கல்லறை இல்லை. அதனால் ஜெர்மன் கலைஞர் குண்டர் டெம்னிக் 1992இல் கொலோன் நகரத்தில் ஒரு வேலையைத் தொடங்கினார். 10 சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைத் தகடு பதித்த கல்லை, ஒருவர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டுக்கு முன்னால் நடைபாதையிலேயே பதிப்பது. ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, எங்கே கொண்டு போகப்பட்டார், என்ன ஆனார். எழுத்துகள் இயந்திரத்தில் அடிப்பதில்லை. ஒவ்வொன்றாகக் கையால் சுத்தியல் வைத்து அடிக்கிறார்கள். 2023இல் ஒரு லட்சமாவது கல் நியூரம்பெர்கில் பதிந்தது. நடந்து போகிறவர்களின் செருப்புப் பட்டுப் பட்டுப் பித்தளை மின்னும். மிதிபடுவது அவமதிப்பு என்று மியூனிக் நகரம் பொது நடைபாதையில் இதை அனுமதிக்கவில்லை. அந்த வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

செத்தவனின் பெயரையும் ஊரையும் சாவையும் கல்லில் வெட்டி வைப்பது தேனி மாவட்டத்துக்கு மிகப் பழைய சங்கதி. வைகைக் கரையில் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த மூன்று நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்து. கி.மு. 4, 3ஆம் நூற்றாண்டு என்பது கண்டவர்களின் கணிப்பு. அதில் ஒன்று கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த பூசலில், மாண்டவனுக்கு எடுத்தது. ஆள், ஊர், காரணம் எல்லாம் ஒன்றிரண்டு வரிக்குள். எந்தக் கூடலூர் என்பதில் அறிஞர்களுக்குள் பேச்சு உண்டு; கம்பம் பக்கத்துக்காரர்கள் எந்தக் கூடலூர் என்று சொல்வார்கள் என்பது தெரிந்ததே.

தமிழ்நாட்டுக்குள் யூதச் சுவடு என்றால் சென்னைதான். கோல்கொண்டா வைரத்துக்கும் மத்தியதரைக் கடல் பவளத்துக்கும் நடந்த பண்டமாற்றில் லண்டனிலிருந்து வந்த யூத வணிகர்கள் இருந்தார்கள். 1688இல் அமைந்த சென்னை மாநகராட்சியின் முதல் மன்றத்திலும் அவர்களுக்கு இடம் இருந்தது. மண்ணடிப் பக்கத்துப் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் மிச்சம். தங்கசாலைப் பக்கம் இருந்த அவர்களின் கல்லறைக் கற்கள் பின்னாளில் லாயிட்ஸ் சாலைக்கு இடம் மாறின.

கட்டடமும் கல்லும் இல்லாத ஒரு சுவடு நம் பள்ளத்தாக்கின் எல்லா வீடுகளிலும் ஒலித்திருக்கிறது. காலையில் வானொலி நிலையம் திறக்கும்போது, தம்புரா சுருதிமேல் வயலின் எழுந்து வரும் அகில இந்திய வானொலியின் அடையாள இசை. சிவரஞ்சனியின் சாயல் கொண்ட அந்த மெட்டை அமைத்தவர் வால்டர் காஃப்மன். கார்ல்ஸ்பாடில் பிறந்து, பெர்லினில் இசை படித்து, ஹிட்லர் வந்ததும் 1934இல் பம்பாய்க்குத் தப்பி வந்த யூதர். அறுவடைக்கு எழுந்த எத்தனையோ தலைமுறை விவசாயிகள் அந்த மெட்டைக் கேட்டுத்தான் மாட்டை அவிழ்த்திருக்கிறார்கள்.

சேந்தமங்கலம், பரவூர் ஜெபக்கூடங்களைக் கேரள அரசு முசிறிப் பாரம்பரியத் திட்டத்தில் பழுது பார்த்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறது. குமுளி ஏறி, ஏலத்தோட்டங்களைத் தாண்டி, ஆற்றின் போக்கிலேயே இறங்கினால் ஒரு நாளில் போய்விடலாம். போகிறவர்கள் அதற்கு முன் ஒரு மாலை உத்தமபாளையம் பாறையடியில் நில்லுங்கள். வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும்போதுதான் தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். உச்சி வெயிலில் பாறை மொட்டையாகத் தெரியும். கல்வெட்டுக்காரர்கள் இரவில் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படிப்பதும் இதே கணக்கில்தான். பகரம் எது, வகரம் எது என்று நாலைந்து எழுத்தைப் பிரித்தறிந்துவிட்டால், இசுப்பு இரப்பான் என்ற பெயரைச் செப்பேட்டுப் படத்தில் நீங்களே தேடிக்கொள்ளலாம்.